பானட்டுக்கு அடியில என்ன எஞ்சின்?

எங்க கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் அம்பாசிடர் காருக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. 1956 நவம்பர் 1-ஆம் தேதி நாங்க திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிஞ்சு சென்னை மாநிலத்தோட சேர்ந்தோம். அடுத்த ஒண்ணு ரெண்டு வருஷத்துல கல்கத்தாவுக்குப் பக்கத்துல உத்தர்பாரா ஃபேக்டரியிலிருந்து அம்பாசிடர் வெளிய வந்துச்சு. மாவட்டம் இருக்கு. காரைச் செய்யறத 2014 மே மாசத்தோட நிறுத்திட்டாங்க. ஆனாலும் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் போனா, தொழுத்துக்குப் பக்கத்துல தார்ப்பாய் போட்டு மூடின அம்பாசிடர் இன்னும் அங்கங்க கிடக்கும்.

இப்ப சென்னை, பெங்களூர்ல இருக்கிற பிள்ளைகளுக்குப் பழைய கார் மேல ஆசை வந்திருக்கு. ஊருக்கு வரும்போது விசாரிக்கிறாங்க. "வண்டி எந்த வருஷம்? என்ன விலை சொல்றாங்க?" இதுதான் முதல் கேள்வி. என்னைக் கேட்டா முதல்ல கேக்க வேண்டியது வேற: "பானட்டுக்கு அடியில என்ன எஞ்சின்?"

அம்பாசிடருக்கு வெளிய ஒரே முகம். உள்ள நாலஞ்சு வகை எஞ்சின் இருக்கலாம். எதுன்னு தெரியாம ஸ்பானரை எடுத்தா, நல்ல எஞ்சினையும் கெடுத்துடலாம். அதனால இந்த எஞ்சின் எங்கிருந்து வந்துச்சு, எப்ப மாறிச்சு என்கிறது சும்மா பழங்கதை இல்ல. டியூனிங்குக்கு முதல் பாடமே அதுதான்.

நான் மெக்கானிக் இல்ல. நெல்லும் வாழையும் போடுறவன். எங்க அத்தான் இருபது வருஷத்துக்கு மேல வாடகைக்கு அம்பாசிடர் ஓட்டினார். வயல்ல வேலை இல்லாத நாள்ல அவர்கூட ஒர்க்ஷாப்புக்குப் போய், வடசேரிப் பக்கம் இருந்த ஒரு மூத்த மேஸ்திரிக்கு டார்ச் பிடிச்சு நின்னதுல தெரிஞ்சுகிட்டது கொஞ்சம். பிறகு படிச்சுத் தெரிஞ்சது கொஞ்சம்.

வண்டி ஒருத்தர் செய்யறது, எஞ்சின் இன்னொருத்தர் செய்யறது என்கிற சமாச்சாரம் எங்க பக்கத்துக்குப் புதுசு இல்ல. 1938 பிப்ரவரி 20-ல் திருவிதாங்கூர் அரசு பஸ் சர்வீஸ் தொடங்கினப்ப, லண்டன் போக்குவரத்து போர்டுல வேலை பார்த்த சால்ட்டர் என்கிறவரைக் கூட்டிட்டு வந்து பொறுப்புல வச்சாங்க. இங்கிலாந்திலிருந்து 60 கோமர் சேசிஸ் வந்துச்சு. அதுக்குள்ள இருந்தது பெர்கின்ஸ் டீசல் எஞ்சின். மேல பாடி கட்டினது நம்ம ஆட்கள். ஆக, ஒரு பஸ்ஸுக்கு மூணு ஊர்க்காரங்க சொந்தம். எங்க மேஸ்திரி தொழில் படிச்சது பஸ் ஷெட்டுலதான். அதனாலயோ என்னவோ, வண்டி மேல எழுதியிருக்கிற பேரை அவர் ஒருநாளும் நம்ப மாட்டார். பானட்டைத் திறந்து பார்த்த பிறகுதான் பேச்சு.

அம்பாசிடரோட கதைக்கு வருவோம். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் பிர்லா குடும்பத்தோட கம்பெனி, 1942-ல் தொடங்கினது. முதல்ல குஜராத்துல ஓகா துறைமுகத்துல வச்சு வெளிநாட்டுப் பாகங்களைப் பூட்டிக்கிட்டிருந்தாங்க. 1948-ல் உத்தர்பாராவுக்கு மாறினாங்க. இங்கிலாந்து மோரிஸ் கார்களைத்தான் வேற பேர்ல இங்க வித்தாங்க. ஹிந்துஸ்தான் 14, அப்புறம் லேண்ட்மாஸ்டர், அதுக்கப்புறம் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூணாவது சீரிஸ். இந்தக் கடைசி வண்டிதான் அம்பாசிடர்.

ஆரம்பத்துல வந்த அம்பாசிடருக்குள்ள இருந்தது 1476 சிசி சைடு வால்வ் எஞ்சின். ஹிந்துஸ்தான் 14-லயும் அதே ஜாதி எஞ்சின்தான். புது வீட்டுக்குப் பழைய அடுப்பைக் கொண்டு போன மாதிரி. 1959 வாக்குலதான் 1489 சிசி எஞ்சின் வந்துச்சு. நாம எல்லாரும் 'அம்பாசிடர் எஞ்சின்'னு சொல்றது இதைத்தான். ஆனா இது மோரிஸ் வீட்டுப் பிள்ளையே இல்ல. 1952-ல் ஆஸ்டின் கம்பெனியும், மோரிஸை வச்சிருந்த நஃபீல்டு கம்பெனியும் ஒண்ணாகி பிஎம்சி ஆச்சு. அது வரைக்கும் ரெண்டு பேரும் கடும் போட்டிக்காரங்க. சேர்ந்த பிறகு ஆஸ்டின் பக்கத்து எஞ்சின் மோரிஸ் காருக்குள்ள ஏறிச்சு. அதுக்குப் பேரு பி-சீரிஸ். 1947-ல் ஆஸ்டின் ஏ40 காருக்குச் செஞ்ச 1200 சிசி எஞ்சினோட வாரிசு அது.

இதே 1489 சிசி எஞ்சினை இங்கிலாந்துல எம்ஜிஏ என்கிற ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காருலயும் வச்சாங்க. சிலிண்டர் விட்டம் 73 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்குற தூரம் 88.9 மில்லிமீட்டர். ரெண்டு வண்டிக்கும் ஒரே அளவு. அங்க ரெண்டு கார்புரேட்டர் வச்சு 70 குதிரைசக்தி வரை எடுத்தாங்க. இங்க ஒரே கார்புரேட்டர், 50 குதிரைசக்தி சுமாருக்கு. மணிக்கு 150 கிலோமீட்டர் ஓடின ஸ்போர்ட்ஸ் காருக்கும், ஒன்பது பேரை ஏத்திக்கிட்டு பூதப்பாண்டிக்குப் போன எங்க அத்தான் வண்டிக்கும் ரத்த சம்பந்தம் உண்டு. இதைச் சொன்னப்ப அத்தான் நம்பவே இல்ல. "அப்பம் நம்ம வண்டி ஏன் ஆரல்வாய்மொழி காத்துக்கே திணறுது?"ன்னு கேட்டார். எஞ்சின் ஒண்ணுதான், அதை எப்படி டியூன் பண்ணியிருக்காங்க என்கிறதுதான் வித்தியாசம்.

சரி, பார்த்தவுடனே எப்படிக் கண்டுபிடிக்கிறது? சைடு வால்வ் எஞ்சினுக்கு மேல ராக்கர் கவர் கிடையாது. வால்வ் எல்லாம் சிலிண்டருக்குப் பக்கத்துல பிளாக்குக்குள்ளயே இருக்கும். ஹெட் தட்டையா ஒரு மூடி மாதிரி இருக்கும். இதை இப்ப பார்க்கிறது ரொம்ப அபூர்வம். 1489 பெட்ரோல் எஞ்சினுக்கு மேல நீளமான தகர ராக்கர் கவர். ஒரு பக்கம் நாலு பிளக்கும் டிஸ்ட்ரிபியூட்டரும், எதிர்ப் பக்கம் கார்புரேட்டரும் சைலன்ஸர் குழாயும். டீசல் அம்பாசிடர் 1980 வாக்குல வந்துச்சு. அதுவும் 1489 சிசிதான், 37 குதிரைசக்தி. ஆனா டிஸ்ட்ரிபியூட்டரும் பிளக் ஒயரும் இருக்காது. பம்புலேருந்து நாலு இரும்புக் குழாய் இன்ஜெக்டருக்குப் போகும். 1990-களின் தொடக்கத்துல ஜப்பான் இசுசு கம்பெனியோட 1817 சிசி பெட்ரோல் எஞ்சின் வந்துச்சு, ஐந்து கியரோட. அதுல கேம் ஷாஃப்ட்டே ஹெட்டுக்கு மேல. பிறகு இசுசு டீசலும் வந்துச்சு.

இது கம்பெனி வச்சது. நம்ம ஊர்க்காரங்க வச்சது தனிக்கணக்கு. 80, 90-கள்ல பெட்ரோலைவிட டீசல் விலை ரொம்பக் குறைவு. வாடகை வண்டிக்காரங்க பெட்ரோல் எஞ்சினை இறக்கிட்டு, கிடைச்ச டீசல் எஞ்சினை ஏத்தினாங்க. மவுண்டிங்கை வெட்டி ஒட்டி, கியர்பாக்ஸுக்குத் தட்டு கடைஞ்சு மாட்டினாங்க. அதனால 1972 மாடல் வண்டிக்குள்ள 1990 எஞ்சின் இருக்கலாம். மாடல் வருஷத்தை வச்சு எஞ்சினைச் சொல்லவே முடியாது.

முகத்தைப் பார்த்து ஏமாறக் கூடாதுன்னு சொல்றதுக்கு இன்னொரு உதாரணம் நம்ம சென்னையிலேயே இருக்கு. வண்டலூர்ல ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி இருந்தது ஞாபகம் இருக்கும். ஹெரால்டு கார் செஞ்சாங்களே, அவங்கதான். 1985-ல் ஸ்டாண்டர்ட் 2000-னு ஒரு காரை விட்டாங்க. வெளிய பார்த்தா இங்கிலாந்து ரோவரோட அழகான உடம்பு. உள்ள இருந்தது 1940-கள்ல பிறந்த ஸ்டாண்டர்ட் வேன்கார்டு எஞ்சினோட வம்சம். அந்த வம்சத்து எஞ்சின்தான் ஃபெர்குசன் டிராக்டருக்குள்ளயும் இருந்தது. எங்களுக்கு டிராக்டர் சொந்தக்காரன்னா மரியாதைதான். ஆனா லட்ச லட்சமா கொடுத்து ரோவர் வாங்கினதா நினைச்சவங்க என்ன சொல்லியிருப்பாங்க! அந்தக் கார் சில வருஷம்கூடத் தாங்கல.

பழைய எஞ்சின் இத்தனை வருஷம் ஏன் மாறாம இருந்துச்சு? அது அவ்வளவு நல்ல எஞ்சின் என்கிறதாலன்னு சொன்னா பாதிதான் உண்மை. 1953-ல் டாரிஃப் கமிஷன், இங்கேயே முழுசா தயாரிக்கத் திட்டம் உள்ள கம்பெனிகள்தான் இருக்கணும்னு சொல்லிச்சு. சும்மா பூட்டி வித்துக்கிட்டிருந்த ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டிட்டாங்க. மிச்சம் இருந்தது அம்பாசிடர், பம்பாய் ஃபியட், மெட்ராஸ் ஸ்டாண்டர்ட். லைசென்ஸ் காலம். எத்தனை வண்டி செய்யணும்கிறதையும் அரசாங்கம்தான் சொல்லும். வாங்குறவன் வருஷக்கணக்குல காத்துக் கிடந்தான். வரிசையில ஆள் நிக்கும்போது எஞ்சினை எதுக்கு மாத்தணும்? இங்கிலாந்துல இதே எஞ்சினைப் பெருசாக்கி 1798 சிசி ஆக்கி, 1980-ல் எம்ஜிபி காரோட முடிச்சுக்கிட்டாங்க. நாம அதுக்கப்புறமும் 1489-ஐ ஓட்டினோம்.

மத்த பாதி உண்மை என்னன்னா, இந்த எஞ்சினுக்கு வேண்டிய சாமான் எல்லாம் நம்ம பக்கத்துலயே செய்யக் கத்துக்கிட்டோம். 1949-லேயே சென்னை செம்பியத்துல இந்தியா பிஸ்டன்ஸ். 1951-ல் பெங்களூர்ல மைக்கோ, அது பிளக்கும் டீசல் பம்பும். 1961-ல் சென்னை பாடியில லூகாஸ்-டிவிஎஸ், அது டிஸ்ட்ரிபியூட்டரும் ஸ்டார்ட்டர் மோட்டாரும். நாகர்கோவில்ல ஒரு சின்ன ஸ்பேர் கடையில பாயிண்ட், கண்டென்சர், கேஸ்கட் எது கேட்டாலும் எடுத்துக் கொடுத்துடுவாங்க. லேத் பட்டறை இருந்தா மிச்சத்தையும் செஞ்சுக்கலாம். எஞ்சின் வெள்ளைக்காரன் வரைஞ்சது. அதை உயிரோட வச்சிருந்தது நம்ம பட்டறைகள்.

இனி டியூனிங். எங்க மேஸ்திரிகிட்ட கம்ப்யூட்டர் கிடையாது. ஒரு ஃபீலர் கேஜ், ஒரு 12 வோல்ட் பல்பு, ஒரு ஸ்க்ரூ டிரைவர், ரெண்டு காது. ஆனா வரிசை மாறவே மாறாது. முதல்ல டேப்பெட், ரெண்டாவது பாயிண்ட், மூணாவது டைமிங், கடைசியிலதான் கார்புரேட்டர். வண்டி மக்கர் பண்ணினா முதல்ல கார்புரேட்டரைத் திருகுறவன் கையில சாவியைக் கொடுக்காதேன்னு சொல்வார்.

டேப்பெட்டுக்கு அவர் சொன்ன கணக்கு எனக்கு ரொம்பப் பிடிச்சது: ஒன்பதாம் வாய்ப்பாடு. எஞ்சினுக்கு எட்டு வால்வ். ரேடியேட்டர் பக்கத்திலிருந்து 1, 2, 3-னு எண்ணணும். ஸ்டார்ட்டிங் ஹேண்டிலைப் போட்டுச் சுத்தணும். 8-ஆம் வால்வ் முழுசா அமுங்கி நிக்கும்போது 1-ஐ அட்ஜஸ்ட் பண்ணணும். 6 அமுங்கினா 3. 4 அமுங்கினா 5. ரெண்டையும் கூட்டினா எப்பவும் 9. இடைவெளி 15 தௌ, அதாவது ஒரு இஞ்சை ஆயிரம் கூறு போட்டு அதுல பதினைஞ்சு. பாயிண்ட்டுக்கும் 15 தௌ, பிளக்குக்கு 25. ஃபியட்டுக்கோ இசுசுவுக்கோ இந்தக் கணக்கு ஆகாது.

டைமிங்குக்கு, முதல் சிலிண்டர் கம்ப்ரஷன்ல இருக்கும்போது புல்லியில இருக்கிற அடையாளத்தைச் சேர்த்து வச்சு, டிஸ்ட்ரிபியூட்டர்ல பல்பை மாட்டி, சாவியைப் போட்டு, டிஸ்ட்ரிபியூட்டரைப் பையத் திருப்பணும். பாயிண்ட் திறக்கிற நொடியில பல்பு எரியும். அந்த இடத்துல நிறுத்தி முறுக்கணும். அப்புறம் ரோட்டுல டாப் கியர்ல 40-ல் போகும்போது ஆக்சிலேட்டரை அமுக்கினா, லேசா நாக்கிங் கேட்டு உடனே மறையணும். தொடர்ந்து கேட்டா டைமிங் முந்தியிருக்கு. கேக்கவே இல்லாம வண்டி மந்தமா இழுத்தா பிந்தியிருக்கு. கடைசியில பிளக்கைக் கழற்றிப் பார்த்தா பிஸ்கட் நிறம் இருக்கணும். கரி அப்பியிருந்தா பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தா காத்து அதிகம்.

இந்தக் கணக்கோட மதிப்பு எனக்கு அக்கா வீட்டுல தெரிஞ்சது. அத்தான் போன பிறகு அவர் வண்டி, 1977 மாடல், ஷெட்டுல கிடந்துச்சு. மருமகன் ஒரு ஒர்க்ஷாப்புல விட்டு எடுத்தான். வந்த கொஞ்ச நாள்லயே இழுவை இல்ல, மிஸ்ஸிங். திரும்பக் கொண்டு போனா, "எஞ்சின் போச்சு, ஆக்கர் கடைக்குப் போடுங்க"ன்னுட்டாங்க. ஆக்கர் கடைன்னா நீங்க காயலான் கடைன்னு சொல்றது. அக்கா ஒண்ணும் பேசல. "அவரு முகம் பாத்து வச்சிருந்த வண்டி தம்பி, ஒருக்கா மேஸ்திரிகிட்ட காட்டிரு"ன்னு மட்டும் சொன்னா.

மேஸ்திரிக்கு அப்பவே எழுபது தாண்டியாச்சு. வந்தவர் ஸ்டார்ட்டே பண்ணல. ஹேண்டிலைப் போட்டு மெதுவாச் சுத்தினார். நல்ல எஞ்சின்னா நாலு சிலிண்டரும் ஒரே மாதிரி கையை எதிர்த்துத் தள்ளும். "மக்கா, நீயும் சுத்திப் பாரு"ன்னார். சுத்தினேன். மூணு தடவை எதிர்த்துச்சு, ஒரு தடவை வெண்ணெய்ல கை வச்ச மாதிரி போச்சு. ராக்கர் கவரைத் திறந்து ஃபீலர் கேஜை விட்டார். 15 தௌ நுழைய வேண்டிய இடத்துல 8-கூட நுழையல. டேப்பெட் சத்தம் போடுதுன்னு யாரோ வேற எஞ்சின் கணக்குல இறுக்கி வச்சிருக்காங்க. இறுக்கினா சத்தம் அடங்கும். ஆனா சூட்டுல வால்வ் நீளும்போது முழுசா மூடாது. மூடாத இடுக்கு வழியா நெருப்பு போய் வால்வ் கருகிடும். அதுவும் இந்த ஹெட்டுல நடு ரெண்டு சிலிண்டருக்கும் புகை போக ஒரே வாசல், சூடு அங்கதான் அதிகம். கருகியிருந்தது மூணாவது சிலிண்டர். "இந்த எஞ்சின் பேசணும் மக்கா. பேசாம இருந்தாத்தான் பயப்படணும்"ன்னார்.

ஹெட்டை இறக்கி, எக்ஸாஸ்ட் வால்வ் மாத்தி, லேத்துல வால்வ் சீட்டுக்குக் கடினமான வளையம் போட்டு, புது கேஸ்கட் வச்சு மூடினாங்க. ஆக்கர் கடையில கிடைச்சிருக்கக்கூடிய தொகையில பாதிகூடச் செலவாகல. பிஸ்டனுக்கோ கிராங்குக்கோ ஒரு கேடும் இல்ல.

வளையம் ஏன்னு கேப்பீங்க. அதுலயும் ஒரு வரலாறு இருக்கு. பழைய பெட்ரோல்ல ஈயம் கலந்திருந்துச்சு. அது வால்வ் சீட்டு தேயாம ஒரு மெழுகு மாதிரி காத்துச்சு. ஈயம் பிள்ளைகளோட மூளைக்கு விஷம், அதனால எடுத்தது நியாயம்தான். 1995-ல் பெரிய நகரங்கள்ல ஈயமில்லாத பெட்ரோல் வந்து, 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுக்க ஈயம் நின்னுச்சு. அதுக்குப் பிறகு பழைய ஹெட்டுகள்ல வார்ப்பிரும்புச் சீட்டு தேய்ஞ்சு வால்வ் உள்ள இறங்கும், டேப்பெட் இடைவெளி தானாவே குறையும். வளையம் போட்டா அந்தப் பிரச்சனை தீரும். இப்ப பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். கரும்பிலிருந்து மட்டுமில்ல, அரிசியிலிருந்தும் எடுக்கிறாங்க. நெல் போடுறவனுக்கு அது ஒரு தனி யோசனை. பழைய எஞ்சினுக்கு அது என்ன செய்யும்னா, ரப்பர் குழாயையும் பம்பு டயாஃப்ரத்தையும் அரிக்கும், கார்புரேட்டர்ல காத்துப் பங்கு கூடிப்போகும். குழாயை மாத்தணும், ஜெட்டைத் திரும்பப் பார்க்கணும். 1959 எஞ்சினுக்கு 2025 பெட்ரோல். நடுவுல நின்னு ஒத்துப்போக வைக்கிறதுதான் டியூனிங்.

வாங்க நினைக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஆர்சி புத்தகத்துல இருக்கிற எஞ்சின் நம்பரையும் பிளாக்குல இருக்கிற நம்பரையும் நேர்ல ஒத்துப் பாருங்க. 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல 52-ஆவது பிரிவுப்படி எஞ்சின் மாத்தினா பதிவு அலுவலகத்துல சொல்லி எழுதி வாங்கணும். எங்க பக்கம் மாத்தின வண்டி நிறைய, எழுதி வாங்கினது கொஞ்சம். சொந்த வண்டிக்கு 15 வருஷம் கழிச்சு ஐந்து வருஷத்துக்கு ஒருதரம் பதிவைப் புதுப்பிக்கணும். 2022 ஏப்ரல்ல அந்தக் கட்டணம் காருக்கு 600 ரூபாயிலிருந்து 5,000 ஆச்சு. நம்பர் ஒத்துப்போகலன்னா எவ்வளவு அழகா பெயிண்ட் அடிச்சாலும் வண்டி ஷெட்டுலதான் நிக்கும்.

அம்பாசிடர் என்கிற பேரை 2017-ல் 80 கோடி ரூபாய்க்கு ஒரு பிரெஞ்சுக் கம்பெனிக்கு வித்துட்டாங்க. பேருக்கு அவ்வளவு விலை. ஒன்பதாம் வாய்ப்பாடு தெரிஞ்ச மேஸ்திரிக்கு விலை போட ஆள் இல்ல. உங்க ஊர்லயும் அப்படி ஒருத்தர் இருப்பார். இருக்கும்போதே கூட்டிட்டு வந்து, உங்க வண்டி எஞ்சின் எது, டேப்பெட் எத்தனை, பாயிண்ட் எத்தனை, சீட்டுக்கு வளையம் போட்டிருக்கா என்கிறதை எழுதி வாங்குங்க. அந்தக் காகிதத்தை பிளாஸ்டிக் உறையில போட்டு பானட்டுக்கு உள்பக்கம் ஒட்டி வையுங்க. அடுத்தாப்புல ஸ்பானரை எடுக்கிற பையன் முதல்ல அதைப் படிக்கட்டும்.